விடுதி அறையும் அஞ்சல் உறையும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பர் 5ஆம் நாள் சட்டப்படி நிறுவப்பட்டபோது அதற்கென்று வகுப்பறை இல்லை, பாடம் நடத்தும் பேராசிரியர் இல்லை, மாணவர் தங்க விடுதியும் இல்லை. இணைவு பெற்ற கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு வைப்பதும், தேறியவர்களுக்குப் பட்டம் கொடுப்பதுமே அதன் வேலை. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் அந்த ஒரே ஆண்டில், இலண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்டவை. இலண்டனோ 1858இல் இன்னும் ஓர் அடி முன்னே போய், எந்தக் கல்லூரியிலும் சேராதவர்கூடத் தேர்வெழுதிப் பட்டம் பெறலாம் என்று அறிவித்தது. பட்டம் பெற ஓர் இடத்தில் கூடிப் படிக்க வேண்டுமா, தேர்வில் தேறினால் போதாதா என்ற கேள்வி இணையத்தோடு வந்ததல்ல. நவீன உயர்கல்வி தமிழகத்துக்கு வந்தபோதே உடன் வந்தது.

அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்கள்: கரோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். பட்டம் தந்தது சென்னை என்றாலும், அவர்களை உருவாக்கியது யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷனரிகள் 1823இல் அங்கே தொடங்கிய செமினரியில் மாணவர்கள் தங்கிப் படித்தார்கள். ஆங்கிலம், தமிழ் இலக்கணம், கணிதம், வானியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் கற்பிக்கப்பட்டன. செமினரி 1855இல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டு கழித்துப் பிறந்த பல்கலைக்கழகத்துக்கு அதன் பழைய மாணவர்களே முதல் அறுவடை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். ஏடு பார்க்கும் பழக்கத்தையும் ஆங்கிலக் கல்வியின் ஒழுங்கையும் ஒருவரிடமே சேர்த்துவைத்தது அந்த வளாகத்துக் கல்வி. பட்டச் சான்றிதழில் அதற்கு இடமில்லை.

சென்னைக்குப் படிக்க வந்த வெளியூர்ப் பிள்ளைகள் தொடக்கத்தில் உறவினர் வீடுகளிலும் வாடகை அறைகளிலும் தங்கினார்கள். கல்லூரி என்பது காலையில் போய் மாலையில் திரும்பும் இடமாகவே இருந்தது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்த வில்லியம் மில்லர், மாணவர் ஒன்றாகத் தங்குவதும் கல்வியின் ஒரு பகுதி என்று கருதி, ஜார்ஜ் டவுனில் விடுதிகள் அமைக்க முன்கை எடுத்தார். 1937இல் அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது செலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் ஆகிய விடுதிகள் கல்லூரி வாழ்க்கையின் நடுவிடமாயின. அங்கே படித்தவர்கள் இன்றும் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது துறையைச் சொல்வதற்கு முன் ஹாலின் பெயரைச் சொல்வதுண்டு.

தனித்துப் படிப்பதன் எல்லை எது என்பதைச் சீனிவாச ராமானுஜனின் வாழ்க்கை காட்டுகிறது. கணிதத்தில் மட்டும் மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் கும்பகோணத்தில் உதவித்தொகையை இழந்தார்; சென்னையில் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். தேர்வு நடத்தும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் அவர் தேறாதவர், அவ்வளவுதான். துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தபடி 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜின் கணிதர் ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கடிதங்கள் போயின, வந்தன. ஹார்டி நிரூபணம் கேட்டார். ராமானுஜன் மேலும் புதிய முடிவுகளையே அனுப்பினார். அஞ்சல் வழியாக இதற்குமேல் நகர முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. சென்னைக்கு வந்த நெவில் என்ற கேம்பிரிட்ஜ் கணிதர் அவரைப் பயணத்துக்கு இசையவைத்தார். 1914 மார்ச்சில் கப்பலேறிய ராமானுஜன், டிரினிட்டி கல்லூரியில் ஹார்டியின் பக்கத்தில் இருந்துதான் நிரூபணம் என்னும் முறையைக் கற்றார். 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அந்த வளாகம் அவருக்குக் கொடுத்தது மட்டுமல்ல, எடுத்துக்கொண்டதும் உண்டு. சைவச் சாப்பாடு கிடைக்காமல் அறையிலேயே சமைத்துக்கொண்டு, குளிரிலும் தனிமையிலும் நோயுற்று 1919இல் திரும்பினார். அடுத்த ஆண்டு மறைந்தார். வளாகம் எல்லாரையும் ஒரேபோல வரவேற்பதில்லை.

எதிர்ப்பக்கத்துக்கும் அதே அளவு வலுவான சான்று உண்டு. மு. வரதராசன் கல்லூரி வாசலில் மாணவராகக் கால் வைக்காமலே தமிழ்ப் படிப்பை முடித்தவர். பள்ளி முடித்துச் சிறிது காலம் அலுவலக வேலை பார்த்தார். பிறகு தாமே படித்து 1935இல் வித்துவான் தேர்வில் முதலிடம் பெற்றார். அதே வழியில் 1939இல் பி.ஓ.எல்., 1944இல் எம்.ஓ.எல். பட்டங்களும் வந்தன. 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கான முனைவர் பட்டம் பெற்றார். தாம் மாணவராக அறியாத கல்லூரி வாழ்க்கையை அவர் ஆசிரியராகப் பல தலைமுறைகளுக்குக் கொடுத்தார். பச்சையப்பன் கல்லூரியில் மு.வ.விடம் படித்தவர்கள் பாடத்தைவிட அவருடைய அருகிருப்பையே பெரிதாக நினைவுகூர்ந்திருக்கிறார்கள். தனித்தேர்வராகப் படித்து உயர்ந்த இவர் 1971இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். தமிழ்நாட்டில் அஞ்சல்வழிக் கல்வி முதன்முதலாகத் தொடங்கியது அதே பல்கலைக்கழகத்தில், அதே ஆண்டில்.

அந்த அஞ்சல்வழிக் கதைக்குள் போகுமுன் சிதம்பரத்தில் நிற்க வேண்டும். தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் என்ற எண்ணத்தைத் தமிழகத்தில் முழுமையாகச் செய்து பார்த்தது அந்த ஊர்தான். செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியார் 1920இல் அங்கே ஸ்ரீ மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அடுத்தடுத்துத் தமிழுக்கும் வடமொழிக்கும் இசைக்கும் கல்லூரிகள் எழுந்தன. 1929இல் இவையெல்லாம் சேர்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயின. சென்னையைப்போல இது ஊர் ஊராகக் கல்லூரிகளை இணைத்துக்கொண்டு தேர்வு வைக்கும் அமைப்பல்ல. ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் வாழ்ந்து கற்க வேண்டும் என்பதே சட்டம் அதற்கு வகுத்த இயல்பு. சிதம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, பாடல் பெற்ற தலமான திருவேட்களத்தைத் தன்னுள் அடக்கிக்கொண்டு, அண்ணாமலைநகர் என்ற தனி ஊரே உருவாயிற்று.

அந்த ஊரில் யார் யார் நடமாடினார்கள் என்று பார்த்தால்தான் அதன் மதிப்பு விளங்கும். மீனாட்சி கல்லூரியின் முதல்வராக வரலாற்றறிஞர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இருந்தார். தமிழ்க் கல்லூரிக்கு 1924 முதல் 1927 வரை உ.வே. சாமிநாதையர் தலைவர். பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக மட்டக்களப்பிலிருந்து விபுலானந்த அடிகள் வந்தார். பின்னாளில் ‘யாழ் நூல்’ எழுதியவர் அவர். அவருக்குப் பிறகு நாவலர் சோமசுந்தர பாரதியார் துறையை நடத்தினார். பண்டிதமணி கதிரேசன் செட்டியாரும் அங்கே கற்பித்தார். இசைக் கல்லூரியில் டைகர் வரதாச்சாரியார். 1935 முதல் 1940 வரை வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி துணைவேந்தர். ஆங்கிலப் பேச்சாற்றலால் உலகப் புகழ் பெற்றவர். இவர்களில் ஒருவருடைய வகுப்பில் சேர்ந்த மாணவன் மற்றவர்களை வழியில் பார்த்தான், மேடையில் கேட்டான், எதிர்வீட்டுக்காரராக அறிந்தான். பாடத்திட்டத்தில் இல்லாத இந்தக் கேள்வியறிவுதான் வளாகம் தரும் இரண்டாவது கல்வி. 1941இல் தமிழிசை மாநாடு அண்ணாமலைநகரில் கூடியது. இசைக்கலைஞரும் தமிழறிஞரும் மாணவரும் ஒரே இடத்தில் வாழ்ந்ததால் அப்படி ஒரு கூட்டம் அங்கே இயல்பாக அமைந்தது. பாட்டு மேடையில் தமிழுக்கு இடம் கேட்ட இயக்கம் அங்கிருந்து வேகம் பெற்றது. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

அரசியலும் அதே விடுதிகளில் கற்கப்பட்டது. திராவிட இயக்கத்தின் இரா. நெடுஞ்செழியனும் க. அன்பழகனும் அண்ணாமலையில் தமிழ் முதுகலை படித்தவர்கள். பொதுவுடைமை இயக்கத்தின் பாலதண்டாயுதமும் அதே பல்கலைக்கழகத்து மாணவர் தலைவர். முரண்பட்ட கொள்கைக்காரர்கள் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டு, ஒரே மைதானத்தில் வாதாடினார்கள். 1965 ஜனவரி 27ஆம் நாள் இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ராஜேந்திரன் என்ற மாணவர் அங்கே உயிரிழந்தார். அடுத்த சில வாரங்களில் தமிழகமெங்கும் பரவிய கிளர்ச்சியை நடத்தியவர்களும் பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஆயிரம் பேர் ஒன்றாகத் தங்கியிருக்கும் இடத்தில் ஒரு செய்தி ஓர் இரவுக்குள் ஊர்வலமாக மாறிவிடும். அன்றைய அரசு கல்லூரிகளை மூடியதன் காரணம் அதுதான். இரண்டு ஆண்டு கழித்து ஆட்சி மாறியதில் அந்த மாணவர் கிளர்ச்சிக்குப் பெரும் பங்கு உண்டு.

விடுதிக்கு இன்னொரு முகமும் உண்டு. அதை மறைத்துவிட்டு வளாகத்தைப் புகழ்வது நேர்மையாகாது. சேர்ந்து தங்குவது என்றால் சேர்ந்து உண்பது. தமிழகத்தில் அது சாதியின் நரம்பைத் தொடும் காரியம். வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவருக்குத் தனிப்பந்தி போடப்பட்டது 1924-25இல் பெரும் அரசியல் போராகி, பெரியார் காங்கிரசை விட்டு விலகும் வழியை விரைவாக்கியது. 1943இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தனித்தனித் தண்ணீர்ப் பானை வைத்திருந்ததை ஒட்டி எழுந்த தகராறிலிருந்து திராவிட மாணவர் கழகம் தோன்றியது. பல்கலைக்கழகம் எழுவதற்கு முன்பே, 1916இல், அதே சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்காக நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவி அவர்களைத் தங்கவைத்துப் படிக்கவைக்க வேண்டியிருந்தது. மற்ற இடங்களில் அவர்களுக்கு இலையும் பாயும் கிடைக்காததே காரணம். பின்னர் அரசு தொடங்கிய ஆதிதிராவிடர் நல விடுதிகளும் பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளும் இந்தத் தேவையிலிருந்து வந்தவையே. கிராமத்திலிருந்து முதல் ஆளாகப் பட்டம் பெற்ற எத்தனையோ ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், ஆட்சிப் பணியாளர்கள் அந்த விடுதிகளின் மாணவர்கள். ஒரு தட்டுச் சோறும் படுக்க ஓர் இடமும் இல்லாமல் அவர்களுக்குக் கல்லூரியே இல்லை. 2025இல் தமிழ்நாடு அரசு இந்த விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பொதுப்பெயர் சூட்டியது.

வளாகத்தின் கொடுமை சாதியோடு முடியவில்லை. 1996இல் அண்ணாமலைநகர் மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவரை மூத்த மாணவர் ஒருவர் ராகிங்கில் கொன்ற வழக்கு தமிழகத்தை உலுக்கியது. அதுவரை விளையாட்டு என்று கண்டும் காணாமல் விடப்பட்ட ராகிங், 1997இல் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பல பெற்றோர், குறிப்பாகப் பெண்களைப் பெற்றவர்கள், வெளியூர் விடுதி என்றாலே தயங்கியதற்கு இப்படிப்பட்ட அச்சங்களும் காரணம்.

வளாகத்துக்கு வர முடியாதவர்கள், வரவிடப்படாதவர்கள், வர அஞ்சியவர்கள் ஆகிய மூன்று சாராருக்குமே அஞ்சல்வழிக் கல்வி கதவைத் திறந்தது. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைப்படி 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் இந்தியாவில் முதலாக அதைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரை 1971இலும், அண்ணாமலை 1979இலும், சென்னை 1981இலும் இறங்கின. 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் வந்தன. பேச்சுவழக்கில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: ‘கரஸ்’. பழுப்பு உறையில் பாடப் புத்தகம் வரும். படிப்பவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியராகவோ, போலீஸ்காரராகவோ, திருமணத்தோடு படிப்பு நின்றுபோன பெண்ணாகவோ இருப்பார். ஒரு பட்டம் கூடினால் ஆசிரியருக்குச் சம்பள உயர்வு கிடைக்கும், எழுத்தருக்குப் பதவி உயர்வுக்கு வழி பிறக்கும். அடுப்படி வேலை முடிந்த பின் படித்து எம்.ஏ. முடித்த தாய்மார்களைத் தமிழ்நாட்டில் எந்தத் தெருவிலும் காணலாம். இதைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை.

ஆனாலும் அஞ்சல்வழிக் கல்வியை நடத்தியவர்களே உறை மட்டும் போதாது என்பதைச் சீக்கிரம் கண்டுகொண்டார்கள். ஆண்டுக்குச் சில நாள், சனி ஞாயிறுகளிலும் கோடை விடுமுறையிலும், நேர்முக வகுப்புகள் வைக்கப்பட்டன. ஏதோ ஒரு பள்ளியின் பெஞ்சில் முன்பின் அறியாத நாற்பது வயதினர் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். புரியாத பாடத்தைப் புரிந்தவர் சொல்லிக்கொடுத்தார். குறிப்புகள் ஜெராக்ஸ் எடுக்கப்பட்டன. தேர்வுக்குச் சேர்ந்து போக ஏற்பாடாயிற்று. 1969இல் நிறுவப்பட்ட பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் பாடம் ஒலிபரப்பிய காலத்திலேயே, கோடையில் ஒரு வாரம் மாணவர்களை வேறு பல்கலைக்கழகங்களின் விடுதிகளில் தங்கவைத்துச் சோதனைச்சாலை வேலையும் விவாதமும் நடத்தியது. தொலைவிலிருந்து கற்பிப்பதில் உலகுக்கே முன்மாதிரியான அந்த நிறுவனம், நேரில் கூடுவதைப் பாடத்தின் கட்டாயப் பகுதியாக்கியது. வளாகத்தின் மதிப்புக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தமிழ்நாட்டில் நடந்தது வேறு. தொலைதூரக் கல்விக்குக் கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம், ஆனால் கட்டணம் வரும். பல்கலைக்கழகங்களுக்கு அது வருமான ஊற்றாயிற்று. தங்கிப் படிப்பதற்கென்றே பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நாட்டின் மிகப் பெரிய தொலைதூரக் கல்வி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்து, வளாகத்தில் இருப்பவர்களைப்போலப் பல மடங்கு மாணவர்களை வெளியே வைத்திருந்தது. படிப்பு மையங்கள் மாநில எல்லை தாண்டிப் பெருகப் பெருக, நேர்முக வகுப்பு பெயரளவுக்குச் சுருங்கியது. பிறகு ஒவ்வொன்றாகத் தடை வந்தது. இளநிலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரே பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கிலேயே, தீர்ப்பளித்தது. 2013இல் நிதி நெருக்கடியில் சிக்கிய அந்தப் பல்கலைக்கழகத்தைத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றித் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பொறியியல் போன்ற தொழில்நுட்பக் கல்வியை அஞ்சல்வழியில் நடத்த முடியாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014-15ஆம் கல்வியாண்டுக்குப் பின் அண்ணாமலையின் தொலைதூரப் படிப்புகளுக்கு அங்கீகாரம் இல்லை என்று 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு பொது அறிவிப்பு விட்டது. அடிபட்டவர்கள் அந்தப் பட்டத்தை நம்பி வேலைக்கும் பதவி உயர்வுக்கும் காத்திருந்த மாணவர்கள்.

இணையவழிக் கல்வி இந்தப் பின்னணியில்தான் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யும் மற்ற ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். திட்டம் 2003 முதல் பேராசிரியர்களின் முழுப் பாட விரிவுரைகளைப் படம்பிடித்து யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வெளியிட்டது. நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காத பொறியியல் மாணவர்கள், சிற்றூர்க் கல்லூரி ஆசிரியர்கள் உட்படப் பெருங்கூட்டம் அதில் பயன்பெற்றது. நல்ல விரிவுரையைக் கேட்க வளாகம் தேவையில்லை என்பதை அத்திட்டம் ஐயமின்றி நிறுவிவிட்டது. 2020 மார்ச்சில் கொரோனாவால் எல்லாக் கல்லூரிகளும் ஒரே வாரத்தில் மூடியபோது, மீதிப் பாதியும் வெளிப்பட்டது. விரிவுரை தொடர்ந்தது, செய்முறைக் கூடம், நூலகம், நண்பர் அறை, டீக்கடைப் பேச்சு எல்லாம் நின்றன. வீட்டில் ஒரே போன், இருவர் மூவர் படிக்க வேண்டும் என்ற நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு விரிவுரையும் சேர்ந்தே நின்றது. விடுதி மூடியதால் அவர்கள் இழந்தவை ஒன்றல்ல: உணவு, மின்சாரம், மேசை, படிக்கும் அமைதி. பண்ணை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டு மாலையில் பாடத்தைத் தேடியவர்கள் உண்டு.

அதே 2020 ஜூனில் சென்னை ஐ.ஐ.டி. நிரலாக்கத்திலும் தரவு அறிவியலிலும் இணையவழிப் பட்டப்படிப்பு ஒன்றை அறிவித்தது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. எழுத வேண்டியதில்லை, சில வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ தொடரலாம். ஆனால் பருவத் தேர்வுகளை நகரங்களில் உள்ள மையங்களுக்கு நேரில் வந்துதான் எழுத வேண்டும். இந்தப் படிப்பின் நடைமுறையில் கவனிக்கத்தக்கது இன்னொன்று. கிண்டி வளாகத்தில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் விடுதிகளுக்கு நர்மதா, காவேரி, கிருஷ்ணா, தப்தி என்று ஆறுகளின் பெயர்கள். இணையத்தில் படிப்பவர்களுக்கு விடுதி இல்லை; ஆகவே அவர்களையும் குழுக்களாகப் பிரித்து, காடுகளின் பெயரில் ‘ஹவுஸ்’ என்று அமைத்துக்கொடுத்தார்கள். ஆண்டுக்கொரு முறை விழாவுக்காக அவர்கள் கிண்டிக்கு வந்து கூடுகிறார்கள். திரையில் மட்டும் பார்த்த முகங்களை நேரில் காண நாட்டின் பல மூலைகளிலிருந்தும் சொந்தச் செலவில் ரயிலேறுகிறார்கள்.

நூற்றறுபது ஆண்டு அனுபவம் காட்டும் வேறுபாடு தெளிவானது. தேர்வு, பாடநூல், விரிவுரை ஆகியவை தொலைவைக் கடக்கும். பெரியோரின் அருகிருப்பும் சமவயதினரின் உரசலும் கடப்பதில்லை. முன்னவை மட்டும் தேவைப்படுபவர்கள் உண்டு: வேலையும் குடும்பமும் ஏற்கெனவே நிலைத்துவிட்டவர்கள். அவர்களுக்கு இணையவழிப் பட்டம் நல்ல வழி, அதற்குரிய மரியாதை கிடைக்க வேண்டும். பின்னவை மிகவும் தேவைப்படுபவர் பதினெட்டு வயதில் ஊரை விட்டு முதன்முதலாக வெளியே வரும் முதல் தலைமுறைப் பிள்ளை. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அருகிருப்பும் அறிமுகமும் வீட்டிலேயே கிடைத்துவிடும்; இவருக்கு அவை விடுதியில்தான் கிடைக்கும். செலவு குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இவரைத் திரையின் முன் உட்காரவைத்துவிட்டு, அரசுக் கல்லூரி விடுதிகளின் ஒழுகும் கூரைகளையும் நெரிசலான அறைகளையும் அப்படியே விட்டுவைப்பது பெரும் அநீதி. உயர்கல்விக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு அந்த விடுதிகளுக்குப் போக வேண்டும்.